மொட்டைப் பெட்டிசம்

“நான் வோட்டுப் போடல்ல எண்டுறன், நீங்க என்னடா எண்டா—”

“லிஸ்ட்டுல உன்ட பேருக்கு மேல கோடு கீறிக் கிடக்கெண்டு நீதான சொன்ன—”

“கீறிக் கிடந்தா நான் போட்டதா? சொல்லுறத முழுசாக் கேளுங்க—”

“கேட்டுத்தான் கிடக்கன். ரோட்டால போறவனும் கேட்டுத்தான் போறான். மெதுவாக் கதை.”

“ரோட்டால போறவன் நல்லாக் கேக்கட்டும். பள்ளிக்கூடத்துல அவ்வளவு சனத்துக்கு முன்னால என்னக் கள்ளி எண்டு சொல்லக்குள்ள ஆரும் மெதுவாச் சொல்லல்ல.”

ஸுல்பிகாவின் முக்காட்டிலிருந்து மழைத்தண்ணீர் சீமெந்துத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ரைஸ்மில்லில் நெல் நிறுக்கும் அவளுடைய புருஷன் காலிதீன், வாக்கெடுப்பு நாளென்று மில் பூட்டிக் கிடந்ததால், சாரனோடு சாய்மனைக் கதிரையில் கிடந்தார். வயிற்றின்மேல் றேடியோ. அது மார்கழி மாதம், எண்பத்திரண்டாம் ஆண்டு. தேர்தல் வைக்காமலே பாராளுமன்றம் இன்னும் ஆறு வருடம் இருக்கலாமா என்று நாடு முழுக்கக் கேட்டிருந்தார்கள். இருக்கலாம் என்றால் விளக்கு. கூடாது என்றால் குடம். கல்முனைக் கடைத்தெருவிலும் கிணற்றடிகளிலும் ஒரு மாதமாக விளக்கும் குடமும்தான் கதை.

அவள் இடதுகைச் சின்ன விரலை அவருடைய மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“இதுல மை இரிக்கா?”

“சிவப்பாக் கிடக்கு.”

“அது மருதோண்டி. ஞாயித்துக்கிழம பாத்தும்மாட மகள்ட கலியாணத்துல போட்டது. உங்கட மகளும் போட்டவ. ஊர்ல முக்காவாசிப் பொம்புளையளுக்கு இண்டைக்கு விரல் இந்த நிறம்தான். அந்தக் கண்ணாடி போட்ட பெரிய உத்தியோகத்தருக்கு இது விளங்கல்ல. நகக்கண்ணுல கறுத்துக் கிடக்காம், அது மையாம். காலம வந்து ஒண்டு போட்டுட்டு, மைய மறைக்கிறதுக்கு மருதோண்டியும் பூசிக்கு ரெண்டாவது வோட்டுப் போட வந்திரிக்கனாம். கையப் புடிச்சிப் பாக்கேலாது எண்டு லாம்பக் கிட்ட வச்சிப் பாத்தார். பின்னால நிண்டதுகள் சிரிச்சிதுகள்.”

“வெளியூர் ஆளு. அவனுக்கென்ன தெரியும் மருதோண்டியப் பத்தி.”

“அவருக்குத் தெரியாதுதான். ஏழரைக்கு என்ட வோட்டுக் காட்டோட போனவளுக்கு எல்லாம் தெரிஞ்சிரிக்கு. என்ட பேரச் சொன்னாளாம். என்ட வாப்பாட பேரக் கேக்க அதையும் சொன்னாளாம். வூட்டு நம்பரும் சொன்னாளாம். ஆரு அவள்?”

காலிதீன் றேடியோவின் குமிழைத் திருகினார். எங்கோ மழை பெய்வதாக அது சொன்னது.

“உங்களத்தான். காலம அல்மாரியில என்ட வோட்டுக் காட் இல்ல எண்டு தேடக்குள்ள என்ன சொன்னீங்க? ‘காட் இல்லாட்டியும் போடலாம், ஐடிங்காட் இரிந்தாக் காணும், நெல்ல அவிச்சி முடிச்சிட்டு ஆறுதலாப் போ’ எண்டீங்க. நானும் மடச்சி மாதிரி பத்து மணிமட்டும் அடுப்படியில நிண்டன். அல்மாரிச் சாவி ஒண்டு உங்கட்ட, ஒண்டு என்னட்ட. ஜின்னு வந்தா காட்ட எடுத்த?”

“சரி. நான்தான் எடுத்த. முனாப் கேட்டான், குடுத்தன். இப்ப என்ன?”

முனாப் காலிதீனின் சாச்சா மகன், தம்பி முறை. அந்த வட்டாரத்தில் விளக்குப் பக்கத்துக்கு வேலை செய்யும் ஆட்களுக்கு அவன்தான் தலை.

“முனாப் ஆரு என்ட காட்டக் கேக்கிறதுக்கு?”

“ஒரு வோட்டுக்கு இந்தச் சத்தமா? உன்ட ஒரு குடத்தால நாட்டுல என்ன கவிழப் போகுது? விளக்கு எப்பிடியும் வெல்லும். சலூன்ல இரிக்கிற பொடியனுக்கும் தெரியும்.”

“வெல்லுறதெண்டா வெல்லட்டும். வெல்லுறவனுக்கு என்னத்துக்குக் களவு?”

“உனக்கு அரசியல் விளங்காது. அந்தக் காலத்துல பாணுக்கு கியூவுல நிண்டத மறந்திட்டாய். சீலைக்குக் கூப்பன் வச்சிரிந்தத மறந்திட்டாய். செத்தவங்கட மையத்துக்குக் கஃபன் துணி வாங்க அலைஞ்சத மறந்திட்டாய். இப்ப கடையில எது இல்ல? ஜப்பான் சாமான் இரிக்கு, டீவி இரிக்கு—”

“மறக்கல்ல. கியூவுல நிண்டது நான். நீங்க இதே கதிரையில படுத்துக் கிடந்தீங்க. சுபஹ் பாங்குக்கு முந்தி எழும்பிப் போய், ரெண்டு றாத்தல் பாணுக்கு மழையில நிண்டது நான். அந்தக் கோவத்துல எழுவத்தேழுல போய்ப் போட்டன். கியூவுல நிக்க வச்சவங்க வூட்ட போனாங்க. அண்டைக்குத்தான் எனக்கு ஒண்டு விளங்கிச்சி. கோவம் வந்தா அனுப்பலாம். இப்ப இவங்க என்ன கேக்கிறாங்க? ஆறு வருசத்துக்கு உங்களக் கேக்க மாட்டம், சரியா எண்டு கேக்கிறாங்க. அதுக்கு ஓம் எண்டு என்ட கையாலயே போடவாம்.”

“ஓ, உன்னக் கேட்டுத்தான் கொழும்புல எல்லாம் நடக்குது.”

“அங்க கேக்கிறாங்களோ இல்லியோ, இஞ்ச ஆரு என்னக் கேட்ட? உங்களக் கட்டி வைக்கக்குள்ள கேட்டாங்களா? பக்கத்து வூட்டு ஆமினா உம்மா ரெண்டு சாட்சியோட அறைக்குள்ள வந்து ‘சம்மதமா புள்ள’ எண்டா. நான் வாயத் திறக்க முந்தி, வெளிய பாத்து ‘ஓமாம்’ எண்டு அவவே சொல்லிட்டா. இருவத்திநாலு வருசம் ஆகுது. இன்னம் நான் பதில் சொல்லல்ல.”

காலிதீனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார்.

“அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ஒருத்தன் வாசலுக்கு வந்து ‘தாயே, ஒங்கட எண்ணம் என்ன’ எண்டு கேட்டுட்டுப் போவான். பொய்யனா இரிக்கட்டும், கள்ளனா இரிக்கட்டும், கேக்கிறானா இல்லியா? அந்த மறைவுக்குள்ள போனா நீங்க இல்ல, முனாப் இல்ல, ஒருத்தரும் இல்ல. நானும் பென்சிலும். எனக்கெண்டு இரிந்தது அது ஒண்டுதான். அதையும் எடுத்து இன்னொருத்திக்குக் குடுத்திட்டீங்க, ஏதோ உரல இரவல் குடுக்கிற மாதிரி.”

“அப்ப நதீராட வேல?” இப்போது காலிதீனின் குரலும் ஏறியது. றேடியோவை நிலத்தில் வைத்தார். “அதச் சொல்லு. ஏலெவல் பாஸ் பண்ணி மூணு வருசம். அவளவிடக் குறைய எடுத்ததுகள் எல்லாம் குடையும் புடிச்சிக்கு படிப்பிக்கப் போகுதுகள். இவள் வேலிக்குள்ளால பாத்துக்கு நிக்காள். வேலைக்கு எம்பீட கடிதம் ஒண்டு வேணும். முனாப் வந்து என்ன சொன்னான் தெரியுமா? ‘காக்கா, இந்த வூட்டுல மூணு காட் இரிக்கு. ரெண்டு விளக்கு, ஒரு குடம். மூணும் விளக்கெண்டாத்தான் நான் போய்க் கடிதத்தப் பத்திக் கதைக்கலாம்’ எண்டான். நீ கிணத்தடியில நிண்டு ‘குடத்துக்குத்தான் போடுவன்’ எண்டு ஊருக்கே பறையடிச்சாய். கலியாண வூட்டுலயும் சொன்னாய். வேற வோட்டெண்டா பெட்டிக்குள்ள போனா ஆருக்கும் தெரியாது. உன்ட வோட்டு வாயால போட்டாச்சி.”

“அப்ப பொம்புள வாய் திறந்தா காட் போயிரும்.”

“புள்ளைக்காகச் செய்தன். வேற ஆருக்காக?”

“புள்ள படிச்சவள். தன்ட பாஸுக்கு வேல கிடைக்கணும். உம்மாட வோட்ட வித்து இல்ல.”

“கிடைக்கணும், கிடைக்கணும். கிடைக்கல்லியே. நான் என்ன செய்ய?”

அவள் செருப்பைக் கழற்றி மூலையில் எறிந்தாள். ஒன்று சுவரில் பட்டு விழுந்தது. பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்றேகால்.

“இன்னம் நேரம் கிடக்கு. அந்தப் பெரிய உத்தியோகத்தர் கடைசியில என்ட முகத்தப் பாத்து ஒண்டு சொன்னார். ‘நீங்க பொய் சொல்லல்ல எண்டா, ஆரு போட்டதெண்டு பேரோட எழுதிக்கு வாங்க. நாலு மணிக்கு வோட்டு முடியும், அதுக்கு முந்தி வாங்க. பேர் இல்லாத மொட்டப் பெட்டிசம் எண்டா எடுக்க மாட்டன்’ எண்டார். பேரச் சொல்லுங்க.”

“எனக்குத் தெரியாது.”

“காட்டக் குடுத்தவருக்குத் தெரியாதா?”

“முனாப்புக்குக் குடுத்தன். அவன் ஆருக்குக் குடுத்தானோ. எனக்குத் தெரியா.”

“வல்லாஹி எண்டு சத்தியம் பண்ணிச் சொல்லுங்க.”

காலிதீன் குனிந்தார். நிலத்தில் கிடந்த றேடியோவை எடுத்து மறுபடியும் மடியில் வைத்தார்.

அந்த நேரம்தான் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. முனாப் ஒரு கையில் குடையும் மறு கையில் ஹாண்டிலுமாக வந்து, சைக்கிளை மாமரத்தில் சாய்த்தான். சட்டைப் பை நிறையக் காகிதத் துண்டுகள்.

“அஸ்ஸலாமு அலைக்கும். என்ன மச்சி, மழையில நனைஞ்சா நிக்கிறீங்க? காய்ச்சல் வந்திரும்.”

“வ அலைக்கும் ஸலாம். என்ட காட் எங்க?”

“எந்தக் காட்?” அவன் காலிதீனைப் பார்த்தான். காலிதீன் தன்னுடைய கால்விரலைப் பார்த்தார். “ஓ, அதுவா. நீங்க போட்டாச்சி எண்டு லிஸ்ட்டுல கிடக்குதே மச்சி. எங்கட ஆள் உள்ளுக்க இரிந்து அடையாளம் வச்சிரிக்கான். மாஷா அல்லாஹ், வட்டாரத்துல முதலாவதாப் போட்ட பொம்புளையள்ல நீங்களும் ஒண்டு. விளக்குக்குத்தான் போட்டிரிப்பீங்க.”

“ஆரு போனது?”

“நீங்கதான் போனீங்க.”

“பகிடி விடாத முனாப். ஆரு போனது?”

“பகிடி இல்ல மச்சி, கவர்மென்டுக் கணக்குப்படி நீங்கதான்.” அவன் குடையைச் சுருக்கி உதறினான். “அது கிடக்கட்டும். நதீராவ ஒருக்கா அனுப்புங்க. வூட்டுல பொம்புளையள் சோத்துப் பார்சல் கட்டுதுகள், கையாள் காணாது. சுறுக்கா வரச் சொல்லுங்க. நாலு மணிக்கு முந்தி வந்தாத்தான் சரி.”

“சோத்துப் பார்சலுக்கு நாலு மணிக் கணக்கா?”

முனாப் காலிதீனின் பக்கம் திரும்பினான். “காக்கா, நீங்க சொல்லுங்களன்” என்றான்.

“அவருட்டக் கேக்காத. இது என்ட உம்மா எனக்கு எழுதித் தந்த வூடு. அவரும் இஞ்ச வந்து இரிக்கிறவர்தான். நீ நிக்கிற படி என்ட படி. இறங்கு.”

“மச்சி, கோவத்துல கதைக்காதீங்க. நாளைக்குக் கடிதம் கிடிதம் எண்டு வரக்குள்ள—”

“இறங்கு எண்டுறன்.”

முனாப் இறங்கினான். சைக்கிளில் ஏறியபின் குடையை விரித்துக்கொண்டு, “காக்கா, மகள அனுப்புங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். காலிதீன் கதிரையை விட்டு எழும்பவில்லை. மாமி தந்த வீட்டில் வந்து இருப்பவர் என்பதை அவருடைய தம்பி முறையானவனுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. ஸுல்பிகாவுக்கும் அது தெரிந்தது. அவள் அதற்காக வருந்தவில்லை.

“நதீரா.”

அறைக்குள்ளிருந்து மகள் வந்தாள். இருபத்திரண்டு வயது. வெளியே போக உடுத்தியிருந்தாள். முக்காட்டை ஊசி குத்தி இறுக்கியிருந்தாள். இவ்வளவு நேரமும் அந்த அறையில் ஒரு சத்தமும் இருக்கவில்லை.

“சாச்சா வந்த மாதிரி—”

“சாச்சா போயிட்டான். நீ ஒரு இடமும் போகல்ல. கொப்பியில ஒரு தாள் கிழிச்சிக்கு வந்து இஞ்ச இரி. பெட்டிசம் எழுதணும். என்ட எழுத்து கோழி கிண்டின மாதிரி. உன்ட எழுத்துத்தான் வடிவு.”

“ஆருக்கு உம்மா?”

“வோட்டுப் போடுற இடத்துப் பெரிய உத்தியோகத்தருக்கு.”

“விடு புள்ள,” என்றார் காலிதீன், மனைவியையா மகளையா என்று தெரியாத விதமாக.

நதீரா மேசையில் இருந்தாள். தாளை நேராக்கினாள். பேனையை எடுத்தாள். இடதுகையால் தாளை அமத்திப் பிடித்தபோது, சின்ன விரலின் மருதோன்றிச் சிவப்புக்குமேல் ஊதா மை நகத்தை விட்டு வழிந்து தோல்வரை கறுத்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. ஸுல்பிகா அதைப் பார்த்தாள்.

“உன்ட விரல்ல எவ்வளவு வடிவாத் தெரியுது. உன்னட்டையும் மருதோண்டி எண்டு கரச்சல் குடுத்தாரா?”

“இல்ல உம்மா. நான் காலத்தால போனது. அப்ப சனமில்ல.”

“ம். எழுது. ‘ஐயா, நான் அகமதுலெப்பை ஸுல்பிகா. என்ட பேரால இண்டைக்குக் காலம ஒரு கள்ளி வந்து என்ட வோட்டப் போட்டுட்டுப் போயிரிக்காள்.’ எழுதினியா?”

பேனை மெல்ல ஓடியது.

“எழுதினன்.”

“வாசி.”

நதீரா வாசித்தாள். “கனம் ஐயா அவர்களுக்கு, மேற்படி விலாசத்தில் வசிக்கும் அகமதுலெப்பை ஸுல்பிகா ஆகிய நான் தாழ்மையுடன் அறியத் தருவதாவது, எனது பெயரைப் பாவித்து இனந்தெரியாத பெண்ணொருவர் இன்று காலை வாக்களித்துச் சென்றுள்ளார்.”

“இனந்தெரியாத எண்டா?”

“ஆரெண்டு தெரியாத.”

“கள்ளி எண்டு நான் சொன்னது எங்க?”

“அப்பிடி எழுதுறல்ல உம்மா. பெட்டிசத்துல மரியாதையா எழுதணும்.”

“களவெடுத்தவளுக்கு என்ன மரியாதை? ‘பெண்ணொருவர்’ எண்டு ‘ர்’ போட்டிரிக்காய். ‘சென்றுள்ளார்’ எண்டு ‘ஆர்’ போட்டிரிக்காய். அவள் என்ன உன்ட டீச்சரா? வெட்டு. ‘ஒருத்தி’ எண்டு போடு. ‘போனாள்’ எண்டு போடு.”

நதீரா வெட்டவில்லை. பேனையின் முனை தாளில் ஒரே இடத்தில் நின்று மையைக் கசியவிட்டது.

“எழுது மகள். நேரம் போகுது. வூட்டு நம்பரும் லிஸ்ட்டு நம்பரும் போடணும். என்ட காட் போயிற்று. உங்கட காட்டுகள்ல வூட்டு நம்பர் இரிக்கும்தான?”

“வாப்பாட சேட்டுப் பையில இரிக்கும். நான் எடுத்துக்கு வாறன்—”

“நீ இரி. வாப்பாட காட் மழையில ஊறி எழுத்து அழிஞ்சி கிடக்கு, காலம பாத்தன். உன்டது எங்க? போட்டுட்டு வந்து எங்க வச்ச?”

“அது... அங்கயே வாங்கிட்டாங்க உம்மா.”

“வாப்பாடத வாங்கல்லியே.”

காலிதீன் முதல் தடவையாகக் கதிரையை விட்டு எழும்பினார். “அல்மாரிக்குள்ள ஒண்டும் இல்ல,” என்றார்.

அல்மாரியைப் பற்றி யாரும் கேட்டிருக்கவில்லை. ஸுல்பிகா அவரைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

நதீராவின் சேர்ட்டிபிக்கட்டுகள் ஒரு நீல மட்டைக்குள் இருக்கும். கரப்பான் அரிக்காமல் இருக்க ஸுல்பிகாதான் அதற்குள் நப்தலீன் உருண்டை போட்டு வைத்திருந்தாள். ஏலெவல் பெறுபேற்றுத் தாளுக்கும் பிறப்பத்தாட்சிக்கும் நடுவே மகளின் வோட்டுக் காட் இருந்தது. மடிப்பில்லை. ஈரமில்லை. தபாற்காரன் கொண்டுவந்து கொடுத்த அன்று இருந்த மாதிரியே இருந்தது.

அவள் அங்கே நின்று, கதைகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தாள். ஏழரை மணி. வாப்பாவின் பெயர். வீட்டு நம்பர். நாலு மணிக்கு முந்தி வரச் சொன்ன சோத்துப் பார்சல். முனாப்பின் வீட்டில் மையைக் கழுவ எலுமிச்சங்காயோ சாம்பலோ என்ன வைத்திருந்தார்களோ. பிறகு இந்தக் காட்டை எடுத்துக்கொண்டு, இரண்டாவது தடவை, மகள் தன்னுடைய சொந்தப் பெயரில்.

காலையில் அவளை நூறு பேருக்கு முன்னால் கள்ளி என்று சொன்ன மனிதர், செய்த களவைச் சரியாகத்தான் சொல்லியிருந்தார். ஆளைத்தான் மாற்றிச் சொல்லியிருந்தார்.

திரும்பி வந்து, காட்டைப் பெட்டிசத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“காலத்தால போட்டதெண்டாய். விரல்ல மை இரிக்கு. காட் இஞ்ச கிடக்கு.”

நதீரா தலையை நிமிர்த்தவில்லை.

“ஸுல்பிகா, புள்ளையப் பேசாத. நான் சொல்லித்தான்—”

“நீங்க கதைக்காதீங்க. உங்கட கதைய ஒரு மணித்தியாலமாக் கேட்டுட்டன். ‘வல்லாஹி’ எண்டு சொல்லச் சொல்லக்குள்ள ஏன் வாயடைச்சதெண்டு இப்பதான் விளங்குது.” அவள் குரல் ஏறவில்லை. இறங்கியிருந்தது. “நீ சொல்லு மகள். அந்த மேசையில ‘வாப்பாட பேரென்ன’ எண்டு கேக்கக்குள்ள, என்ட வாப்பாட, உன்ட மூத்தவாப்பாட பேர எப்பிடிச் சொன்ன? நாக்குத் தட்டுப்படல்லியா?”

“மூணு வருசம் உம்மா.” நதீரா பேனையை மேசையில் அடித்து வைத்தாள். அவளுக்கும் கோபம்தான். அது உம்மாவிடமிருந்து வந்த கோபம், அதே மூக்கு விடைப்பு. “மூணு வருசம் நான் இந்த வேலிய எண்ணிக்கு இரிக்கன். நீங்க குடத்துக்குப் போட்டா உங்கட கோவம் ஆறும். எனக்கு என்ன கிடைக்கும்? நாடு என்ன மாறும்? உங்களுக்கு வாயிருக்கு, கிணத்தடியில நிண்டு சொல்லுறீங்க. அந்தச் சொல்லுக்கு வட்டி கட்டுறது நான். நான் ஆரட்டயும் களவெடுக்கல்ல. என்ட உம்மாட்டத்தான் எடுத்த.”

“கேட்டிரிக்கலாம்தான?”

“கேட்டா தந்திரிப்பீங்களா?”

கூரையில் மழை வலுத்தது. காலிதீன் இருவருக்கும் நடுவே, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல், கையில் றேடியோவோடு நின்றார்.

“தெரியா,” என்றாள் ஸுல்பிகா. “பேசியிரிப்பன். சண்ட புடிச்சிரிப்பன். விடிய விடிய யோசிச்சி, உனக்காகப் போய் அந்த விளக்குக்கே கீறியிரிப்பனோ என்னவோ. அது எனக்கே தெரியா. கேட்டிரிந்தாத்தான தெரியும். ஆமினா உம்மா கேட்டாவது பாத்தா. நீ அதுவும் செய்யல்ல.”

மணிக்கூட்டில் இரண்டு அடித்தது. அவள் ஈர முக்காட்டைக் கழற்றிப் பிழிந்து, உதறி, மறுபடியும் தலையில் போட்டுக்கொண்டாள். கீழே கிடந்த செருப்பில் ஒன்றைக் காலால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மற்றதைத் தேடி எடுத்தாள். பிறகு மேசைக்கு வந்து, உருண்டு போயிருந்த பேனையை எடுத்து மகளின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். தாளில் ‘இனந்தெரியாத பெண்ணொருவர்’ என்ற இடத்தைச் சிவந்த விரலால் தொட்டுக் காட்டினாள்.

“இதுல ‘இனந்தெரியாத’ எண்டிரிக்கிறத வெட்டிப்போட்டுப் பேர எழுது மகள், மொட்டப் பெட்டிசம் எண்டா அவர் எடுக்க மாட்டார்.”